நின்றபடி ஓடும் வண்டி

ஜூன் 3
கப்பலிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய். உன் வண்டி நலமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கரையை விட்டுக் கிளம்பிப் பல நாளாகிவிட்டது. இந்தக் கப்பலில் போன் பேசும் அளவுக்கு இணையம் இல்லை. எழுத்து மட்டும் போகும், வரும். நீ அனுப்பிய படம் திறக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதியே சொல்லிவிடு. இன்ஜின் ரூமில் காதை அடைத்துக்கொண்டு வேலை பார்த்துவிட்டு மேலே வந்தால், மனுஷக் குரல் எதையாவது கேட்க வேண்டும்போல் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்தால் எனக்கு உன் குரலே கேட்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் விடுமுறைக்கு வந்தபோது அப்பாவின் வண்டியில், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி மாட்டினேனே! "இது என்னடா, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு?" என்று நீகூடக் கேட்டாய். இன்ஜினின் சூடு, பேட்டரி, பெட்ரோல் செலவு, வண்டி போன இடம் எல்லாவற்றையும் அது உன் போனில் இருக்கும் ஆப்புக்குச் சொல்லும். ஆப் வாரம் ஒரு முறை எனக்கு ஓர் அறிக்கை அனுப்பும். நேற்று வந்தது. சூடு சரியாக இருக்கிறது. பேட்டரியும் சரி. பெட்ரோல்தான் தண்ணீராய்ப் போகிறது. காரணத்தைத் தேடினால், சாயங்கால வேளையில் வண்டி ஓர் அடி நகராமல் இன்ஜின் மட்டும் வெகுநேரம் ஓடுகிறது. ஒருநாள் என்றால் நெரிசல் என்று விட்டுவிடுவேன். அநேகமாக தினமும் இப்படித்தான் இருக்கிறது.

நின்றபடி ஓடினால் இன்ஜினில் கரி படியும் அம்மா. அப்பா இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பார். எங்கே நிற்கிறாய், ஏன் அணைக்காமல் நிற்கிறாய் என்று எழுது.

உன்,
எலி

*

ஜூன் 8
வீடு

என் எலிக்குட்டிக்கு,

அம்மாவின் அன்பு. கடிதம் கிடைத்தது. நாலு மாதம் நடுக்கடலில் கிடக்கிற பிள்ளை, அம்மா சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்பான் என்று பார்த்தால், பெட்ரோல் குடித்த கதையைக் கேட்கிறான். நல்ல பிள்ளையைப் பெற்றேன்!

நீ ஆப், ஆப் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆப்பு என்றே காதில் விழுகிறது. எனக்கு நீயே வைத்த ஆப்பு. என் மாமியாரிடம்கூட எங்கே போனேன், எப்போது வந்தேன் என்று நான் இவ்வளவு விவரமாகப் பதில் சொன்னதில்லை. அவங்களும் கேட்டதில்லை, பாவம்.

லேபில் வேலை கூடுதல். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு நரம்பு கிடைக்க மாட்டேன் என்கிறது. ஒரே கையில் மூன்று இடத்தில் குத்திவிட்டு அவளே அழுகிறாள். குத்துப்பட்டவர் உட்கார்ந்து அவளுக்கு ஆறுதல் சொல்கிறார். நான் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். நாள் முழுக்க மற்றவர் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கிறவள் நான். என் வண்டிக்கு நீ ரத்தப் பரிசோதனை செய்து கடலில் இருந்து ரிப்போர்ட் படிக்கிறாய். ஒரு துளி ரத்தத்தை வைத்துக்கொண்டு ஆளை முழுசாகத் தெரிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வெயில் தாங்கவில்லை. ஏசி போட்டுக்கொண்டு நிற்கிறேன். அவ்வளவுதான்.

நான் அனுப்பிய படத்தில் இருந்தது உன் அறை. சுவருக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறேன். வெளிர் நீலம். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா

*

ஜூன் 17
கப்பலிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

என் அறைக்கு நீலம் அடித்ததற்கு நன்றி. நாலு பக்கமும் நீலத்தையே பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் நீலம். உன் கருணையே கருணை.

நீ பேச்சை மாற்றுகிறாய் என்று தெரிகிறது. இந்த வார அறிக்கையில் வண்டி நின்ற இடத்தைத் தேடிப் பார்த்தேன். ஏரிக்கரைப் பக்கம், படகுத்துறைக்குப் பின்னால் இருக்கிற வண்டி நிறுத்தும் இடம். லேபில் இருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே அது இல்லை. நேர் எதிர்த் திசை.

அம்மா, உண்மையைச் சொல். உனக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? வண்டி ஓட்டும்போது படபடப்பு வருகிறதா? ஓரமாக நிறுத்தி உட்கார்ந்துவிட்டு வருகிறாயா? நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று இங்கே ஒரு பம்பின் அளவைத் தப்பாகக் குறித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஸ்பேனருக்கு எழுதியிருக்கிறேன். அவன் இப்போது சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், தெரியுமா? சனிக்கிழமை வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்ப்பான். பள்ளியில் என்னோடு படித்த பாவத்துக்கு இதைச் செய்கிறான். திட்டி அனுப்பிவிடாதே.

உன்,
எலி

*

ஜூன் 22
வீடு

எலிக்குட்டிக்கு,

உன் ஸ்பேனர் வந்தான். வந்தவன் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அம்மா, மயக்கம் கியக்கம் வருதா?"

"வண்டிக்கா எனக்கா?"

"உங்களுக்குத்தாம்மா. அவன் கேக்கச் சொன்னான்."

"நீ மெக்கானிக்கா, டாக்டரா?"

"நான் எதுவுமே கேக்கலம்மா" என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டான். வெளியே எடுக்கவே இல்லை. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோதும் தலை உள்ளேதான் இருந்தது. கையை மட்டும் நீட்டினான்.

பிறகு கீழே படுத்துப் பார்த்தான், உள்ளே உட்கார்ந்து பார்த்தான், தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். "இந்த வயசு வண்டி இவ்வளவு நல்லா இருக்கிறதை நான் பாத்ததில்லம்மா" என்றான். என் உடம்புக்கும் ஒன்றும் இல்லை. உனக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக லேபில் எனக்கு நானே எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டேன். எல்லாம் நல்லபடி. இதை நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் உன்மேல் எனக்கு ஒரு வருத்தம். கேள்வி என்னிடம் கேட்கிறாய், பதிலைத் தேடி ஊர் ஆளை அனுப்புகிறாய். நான் சின்னப் பெண்ணா? நீ கல்லூரிக்குப் போகிற காலத்தில் உன் பைக்கின் பின்சீட்டில் யார் உட்கார்ந்து வந்தாள் என்று ஒரு நாளாவது துருவினேனா? துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல் என்று மட்டும்தான் சொன்னேன்.

கவலைப்படாமல் வேலையைப் பார்.

அம்மா

*

ஜூன் 29
கப்பலிலிருந்து

அம்மா,

ஸ்பேனரின் பதில் வந்தது. இன்ஜின், பிரேக், டயர் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறான். கடைசியில் வெள்ளந்தியாக ஒரு வரி: "உங்க வீட்ல யாரோ உயரமான ஆள் இருக்கார்போல. டிரைவர் பக்கத்து சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளி வச்சிருக்காங்க. அந்தத் தண்டவாளத்துல துரு இருந்துச்சு, எண்ணெய் விட்டிருக்கேன்."

நம் வீட்டில் உயரமான ஆள் யாரும் இல்லை.

முந்தாநாளில் இருந்து பெட்டியில் இருந்து எந்தத் தகவலும் வரவில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று மட்டும் ஆப் சொல்கிறது. நீதான் கழற்றியிருக்கிறாய்.

யார் அம்மா அது? அது அப்பாவின் வண்டி.

*

ஜூலை 2
வீடு

என் எலிக்குட்டிக்கு,

கையெழுத்துக்கூட இல்லாமல் ஒரு கடிதம் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, யார் எழுதியது என்று தெரிகிறது.

ஆமாம், நான்தான் கழற்றினேன். அது உடையவில்லை. சமையலறை அலமாரியில் டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு பெட்டி சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நான் சொல்லித் தெரிந்துகொள்வதுதான் மரியாதை என்று பட்டது. உனக்கு மரியாதை, எனக்கும் மரியாதை. நேரில் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ லீவுக்கு வரும் வரைக்கும் காத்திருக்கலாம் என்று நினைத்தது என் கோழைத்தனம்.

அவர் கடைவீதி முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மனைவி போய்ப் பல வருடம் ஆகிறது. மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் அவர் வீட்டிலேயே இருக்கிறார்கள். போன வருடக் கடைசியில் சர்க்கரை பார்க்க லேபுக்கு வந்தார். அவ்வளவு உயரமான மனிதர், ஊசியைக் கண்டதும் முகம் வெளிறிப்போனார்.

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீங்க ஏதாவது பேசிட்டே இருங்க" என்றார்.

எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. "கையை இறுக்கி மூடுங்க" என்றேன்.

"இதுவா பேச்சு? இது உத்தரவு."

சிரித்துவிட்டேன். லேபில் நான் சிரித்துப் பார்த்ததில்லையாம், உள்ளே இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எடுத்து முடித்து, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் என்னையே பார்த்தார். "உங்க கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருக்கு. எத்தனை நாளா உலகத்தைச் சாய்ச்சுப் பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, சட்டைப் பையில் இருந்து விரல்நுனி அளவு திருப்புளியை எடுத்து அங்கேயே சரிசெய்து கொடுத்தார். மாட்டிப் பார்த்தேன். உன் அப்பா இறந்த வருடம் கைதவறிக் கீழே விழுந்து வளைந்த கண்ணாடி அது. மூன்று வருடமாக அப்படியே போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் பேசினோம். பேசப் பேச, இன்னும் பேச இருந்தது. ஆனால் எங்கே உட்கார்ந்து பேசுவது? லேபுக்குப் பக்கத்து டீக்கடைக்கு எங்கள் பெண்கள் வருவார்கள். அவர் கடைக்கு வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பூங்காவில் பெஞ்சுக்கு ஒரு தெரிந்த முகம். நம் வீட்டுக்கு வந்தால் மாடிவீட்டம்மா துணி காயப்போடுகிற சாக்கில் நாலு தடவை இறங்கி வருவாள். சின்ன வயதுக்காரர்களுக்காவது சினிமா இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் உட்கார்ந்து நிம்மதியாகப் பேச இந்த ஊரில் வண்டியைத் தவிர வேறு இடம் கிடையாது எலி. வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடாமல் எப்படி உட்கார்வது? அதுதான் உன் பெட்ரோல் போன வழி.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பார். "பயமா இருக்கா?" என்றால், "இல்ல, உங்களுக்கு உதவி பண்றேன்" என்பார்.

அப்பாவின் வண்டி என்று எழுதியிருக்கிறாய். இருபத்தைந்து வருடம் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். நன்றாகவே அழைத்துப்போனார். ஒரு குறை சொல்ல மாட்டேன். அவர் போன பிறகு அந்த வண்டியை விற்க மனம் வராமல்தான் இந்த வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து அழுதேன். பாடம் சொல்லிக்கொடுக்க வந்த பெண், கிளட்சுக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்றை யோசித்துப் பார். அவர் உட்கார்வது உன் அப்பாவின் இடத்தில் இல்லை. அது என் இடம். அப்பாவின் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

நாளைக்கே ஒன்றும் நடந்துவிடப் போவதில்லை. ஆனால் நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை கண்ணா. சொல்கிறேன். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோபமாக இருந்தாலும் சாப்பிடு. பதில் போடு.

எப்போதும் உன்,
அம்மா

*

ஜூலை 24
வீடு

எலிக்குட்டிக்கு,

உன்னிடம் இருந்து கடிதம் இல்லை. கப்பல் நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். கப்பல் நலமாகப் போய்க்கொண்டிருக்கிறது, எல்லோரும் நலம் என்றார்கள். அது போதும். இணையம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்துக்கொள்ள விடு.

லேப் பெண்ணுக்கு நரம்பு பிடிபட்டுவிட்டது. நேற்று ஒரு கைக்குழந்தைக்கு ஒரே குத்தில் எடுத்தாள். குழந்தை அழ மறந்து அவளையே பார்த்தது. மழை ஆரம்பித்திருக்கிறது. உன் அறை ஜன்னலில் ஒரு பக்கம் ஒழுகியது, ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். நீலத்தில் கொஞ்சம் கறை. நீ வந்தால் திட்டு.

நான் ஏரிக்கரைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. நீ சொல்லி நிறுத்தவில்லை. போனால் உன் ஞாபகம் வருகிறது, பேச்சு ஓட மாட்டேன் என்கிறது. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. "அவருக்கு நேரம் கொடுங்க. நான் எங்கயும் போகல, கடையிலதான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். உன்னை 'அவர்' என்றுதான் சொல்கிறார். உனக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற ஒரே ஆள்.

அம்மா

*

ஆகஸ்ட் 6
துறைமுகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இணையம் இருந்தது. நான்தான் எழுதவில்லை.

முதலில் கோபம். பிறகு எதற்குக் கோபம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. எழுதுவேன், அழிப்பேன். ஒரு கடிதத்தில் உன்னை 'நீங்கள்' என்றுகூட எழுதிப் பார்த்தேன். படித்தால் வங்கிக்கு எழுதிய விண்ணப்பம் மாதிரி இருந்தது.

அப்புறம், படமெல்லாம் திறக்கிற இந்தத் துறைமுகத்துக்கு வந்ததும் ஒருநாள் ஓய்வில், பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த விவகாரம் எப்போது ஆரம்பித்தது என்று கண்டுபிடித்து உன்னை மடக்க வேண்டும். அதுதான் என் உத்தேசம்.

ஆரம்பத்தில் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வீடு, லேப், வீடு. வீடு, லேப், வீடு. வரைபடத்தில் ஒரே கோடு, போகப்போகத் தடித்துக்கொண்டே போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி கிளம்பவே இல்லை. ஒரு லீவு வாரம் முழுக்க வண்டியை நீ எடுக்கவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது என்று ஆப் எனக்கு அவசரச் செய்தி அனுப்பியிருக்கிறது. அதைப் பார்த்து நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்கு ஒரு சார்ஜர் அனுப்பிவைத்தேன். வாரம் முழுக்க என் அம்மா வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை என்பது என் கண்ணில் படவே இல்லை. பேட்டரி மட்டும்தான் பட்டது.

இன்னொன்றும் பார்த்தேன். அந்த மாதங்களில் கடும் பிரேக் என்ற கட்டம் சிவப்பாகவே இருக்கிறது. எதையோ நினைத்துக்கொண்டு ஓட்டி, கடைசி நொடியில் மிதித்திருக்கிறாய். இந்த வருடத் தொடக்கத்தில் இருந்து அந்தக் கட்டம் பச்சை. கோடு ஏரிப் பக்கம் போகிறது, மலைச்சாலைப் பக்கம் போகிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கோ ஊருக்கு வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருகிறது. இன்ஜின்காரனாகச் சொல்கிறேன், இவ்வளவு நல்ல அறிக்கையை நான் பார்த்ததில்லை. அதில் நின்றபடி ஓடியதை மட்டும் பிடித்துக்கொண்டு உன்னைக் குடைந்திருக்கிறேன்.

எனக்கு இன்னும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. அப்பாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அது போகுமா என்று தெரியாது. ஆனால் நீ ஏரிக்கரைக்குப் போகாமல் இருப்பதை நினைத்தால் அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. போ அம்மா. ஏசி போட்டுக்கொள். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது, நான் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் எழுதினேன்.

பெட்டியை மாட்டினால் மாட்டு, இல்லாவிட்டால் அலமாரியிலேயே இருக்கட்டும். எனக்கு வரும் அறிக்கையை நிறுத்திவிட்டேன். இனி உனக்கு மட்டும்தான் வரும். படிக்கத் தெரியாவிட்டால் கேள்.

அடுத்த துறைமுகத்தில் இறங்குகிறேன். வெள்ளிக்கிழமை காலை விமானம் வந்து சேரும். வழக்கம்போல் டாக்ஸி பிடித்து வரட்டுமா என்று யோசித்தேன். வேண்டாம். நீ வண்டியை எடுத்துக்கொண்டு வா. அவரையும் கூட்டிக்கொண்டு வா. நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகுமே, அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் எதையாவது கண்டுபிடித்துப் பேசிக்கொள்கிறோம். நீ கண்ணாடியில் என்னையும் பக்கத்தில் அவரையும் திரும்பத் திரும்பப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டு.

உன்,
எலி